கீழே ஐஸ்கிறீம், மேல்மாடியில் கோப்பி

பசியோடு வருகிறவருக்குச் சாப்பாடு கொடுப்பது சுலபம். வயிறு நிறைந்த பிறகு "சும்மா ஏதாவது இனிப்பா, குளிரா" என்று வந்து உட்காருகிறாரே, அவரைத் திருப்திப்படுத்துவதுதான் எங்கள் தொழில்.

நாள் முழுக்க நின்றபடி சிரிக்கிற வேலை பார்ப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், நான் சொல்வதில் பாதியை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவீர்கள். நீங்கள் புடைவைக் கடையில் நிற்கலாம், ஆஸ்பத்திரி வரவேற்பில் இருக்கலாம். நம் எல்லோருக்கும் குதிகால் ஒரே இடத்தில்தான் வலிக்கிறது.

என் பெயர் பிலோமினா. கொட்டாஞ்சேனைக்காரி. கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் பத்து வருஷம் டெலிபோன் எடுத்தேன். கம்பனியை மூடியபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அந்த வயதில் புதிதாக வேலை தேடினால் எல்லோரும் மிகவும் மரியாதையாகப் பேசி வாசல்வரை வந்து வழியனுப்பி வைக்கிறார்கள். கடைசியில் என்னை எடுத்தது வெள்ளவத்தையில், காலி வீதியில் இருக்கிற ஒரு பெரிய ரெஸ்டோரன்ட். நாலு மாடி. கீழ்த்தளத்தில் இனிப்பும் குளிர்பானமும். முதலாம் மாடியில் சோறு, கொத்து ரொட்டி, அப்பம். இரண்டாம் மாடியில் ஒரு பக்கம் சைனீஸ், மறுபக்கம் தந்தூரி. மேல்மாடியில் கடல் தெரிகிற மாதிரி ஒரு கோப்பிக் கடை. கீழ்த்தளத்தில் ஓடர் எடுப்பது என் வேலை. ஜூஸ் அடிப்பதும் ஐஸ்கிறீம் அலங்கரிப்பதும் என் வயதுக்காரரான சமிந்த. அவர் தெமட்டகொடைச் சிங்களவர், ஓரளவு தமிழ் பேசுவார், என்னை 'அக்கே' என்பார். எங்கள் இருவருக்கும் மேலே மனேஜர் நிஸாம் சேர். கோபப்படத் தெரியாத மனிதர். அதனால் கவலைப்படுவார்.

ஐந்து கடை, ஒரு பிறந்தநாள்

எங்கள் கட்டடத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. எந்தப் பகுதியில் ஓடர் கொடுக்கிறீர்களோ அங்கேதான் சாப்பிட வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் தனிச் சமையலறை, தனி ஆட்கள். கீழே வாங்கிய ஐஸ்கிறீமை மேலே கொண்டுபோக முடியாது, மேலே போட்ட கோப்பியைக் கீழே இறக்க முடியாது. இதை விளக்கி விளக்கியே எனக்கு அரைவாசி நாள் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரத்மலானையில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பாவுக்கு எழுபது வயது நிறைந்த நாள். மொத்தம் ஏழு பேர். வாசலிலேயே பேச்சு முற்றிவிட்டது. பேரப்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சைனீஸ், மருமகனுக்குத் தந்தூரி, மகளுக்கும் அவளின் தங்கைக்கும் கொத்து, அம்மாவுக்கு மேல்மாடியில் காற்று. ஏதாவது ஒரு பகுதியைத் தெரிவு செய்தால் எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். முதலில் அவரவர் சாப்பிட்டுவிட்டு வருகிறோம், பிறகு கீழே எல்லோரும் சேர்ந்து இனிப்பு சாப்பிடலாம் என்று பிரிந்து போனார்கள். பிறந்தநாள்காரர் மட்டும் எனக்கு முன்னால் மிஞ்சினார். தனக்கு ஒரு ஃபலூடா போதும் என்றார்.

அரை மணித்தியாலம் கழித்து அவருடைய ஃபோன் அடித்தது. எடுத்தால், திரையில் நாலு கட்டம், ஒவ்வொன்றிலும் குடும்பத்தில் ஒரு பகுதி. மேலே மேசை கிடைக்கப் பிந்தியதாம், கொத்து இன்னும் வரவில்லையாம், அதற்குள் வாழ்த்தைப் பாடிவிடலாம் என்று யோசித்திருக்கிறார்கள். முதலாம் மாடி "ஹெப்பி" என்று தொடங்க, இரண்டாம் மாடி இரண்டு சொல் பிந்தி வர, மேல்மாடியில் அம்மாவின் குரலைக் கடற்காற்று கொண்டுபோனது. நானும் சமிந்தவும் பக்கத்தில் நின்று கை தட்டினோம். அவர் முழுப் பாட்டையும் மரியாதையாகக் கேட்டு, ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஃபலூடாவை மறுபடி கலக்கியபடி என்னிடம் சொன்னார்:

"மூத்தவன் கனடாவில இருந்து காலமை பாடினவன், பிள்ளை. அது இதைவிடக் கிளியரா இருந்தது."

தக்காளிக்கு வைத்த பெயர்

எங்கள் இடத்தில் மதுபானம் இல்லை. ஆனால் வாசல் பலகையில் 'ட்ரிங்ஸ்' என்று பெரிதாக எழுதியிருப்பதால் மாதத்தில் நாலைந்து பேர் மிகுந்த நம்பிக்கையோடு உள்ளே வந்து, மிகுந்த சோகத்தோடு புளிக்கிற தேசிக்காய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். மெனு எழுதிக் கொடுத்த கம்பனிக்காரர்கள் அந்தச் சோகத்தைக் குறைக்க நினைத்தார்களோ என்னவோ, சாதாரண ஜூஸுக்கெல்லாம் வெளிநாட்டு மதுவின் பெயர்களை வைத்து, மது இல்லை என்பதைக் காட்ட முன்னால் 'வேர்ஜின்' என்று சேர்த்துவிட்டார்கள். அந்த வரிசையில் தக்காளிச் சாற்றுக்கு வந்த பெயர் 'வேர்ஜின் மேரி'.

நான் மாதா கோயிலுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவள். கையில் பென்சிலோடு நின்று "ஒரு வேர்ஜின் மேரி, மிளகு கூட" என்று சமிந்தவைப் பார்த்துக் கூப்பிட என் நாக்கு வளையவில்லை. முதல் கிழமையே ஒரு பேனையை எடுத்து, என் பகுதியில் இருந்த அத்தனை மெனுவிலும் அந்தப் பெயரை வெட்டி 'தக்காளி ஜூஸ்' என்று எழுதிவிட்டேன். நிஸாம் சேர் கண்டுபிடித்து, அச்சடித்த மெனுவில் இப்படிச் செய்யலாமா என்று கவலைப்பட்டார். காரணத்தைச் சொன்னேன். அவர் என் கையில் இருந்த பேனையை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் தாயின் பெயரும் மரியம்தான் என்று சொல்லி, பேனையைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு நாள் எங்கள் பங்குத் தந்தையே வந்துவிட்டார். கூட இரண்டு கன்னியாஸ்திரிகள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டமாம், வெயிலுக்குள் நடந்து வந்திருந்தார்கள். பாதர் மெனுவைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, வெட்டியிருந்த எழுத்தை நகத்தால் சுரண்டி வாசித்துவிட்டார். இது யார் செய்தது என்று கேட்டார். பாவசங்கீர்த்தனத்தில் என் பாவங்களைக் கேட்கிறவரிடம் பொய் சொல்லவா முடியும்? நான்தான் என்று சொன்னேன். அவர் அதையே கொண்டுவரச் சொன்னார். அரைக் கிளாஸ்வரை குடித்தார், மீதியைத் தள்ளி வைத்தார், வாயைத் துடைத்தார்.

"மாதா இதுக்குக் கோவிக்க மாட்டா, மகள். ஆனா தக்காளிக்கு இப்பிடி மிளகைக் கொட்டினவர் பாவசங்கீர்த்தனத்துக்கு வரத்தான் வேணும்."

சூடான ஐஸ்கிறீம்

இது சின்ன விஷயம், ஆனால் விடக்கூடாது. ஒரு தாய், தொண்டை கரகரக்கிற மகளோடு வந்தா. மகளுக்கு முப்பது வயதிருக்கும். ஐஸ்கிறீம் வேண்டும், ஆனால் குளிரக் கூடாது என்றா தாய். கொஞ்ச நேரம் வெளியில் வைத்துத் தரலாம் என்றேன். வெளியில் வைத்தால் தூசி விழும், மைக்ரோவேவில் வைத்துத் தாருங்கள் என்றா. நான் சமிந்தவிடம் கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னேன். இருபது வருஷமாக ஐஸ்கிறீம் உருகாமல் காப்பாற்றி வந்த மனிதர் அவர். என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு நோயாளியை உள்ளே அனுப்புகிற மாதிரி அதை மைக்ரோவேவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். வெளியில் எடுத்து என் கையில் தரும்போது கேட்டார்:

"அக்கே, இது இப்ப ஐஸ்கிறீம் இல்ல, பால். இதுக்குக் கரண்டி வைக்கவா, ஸ்ட்ரோ வைக்கவா?"

தவறிய மேசை

வெள்ளவத்தையில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் முதன்முதலில் சந்திக்கிற இடம் இப்போது எங்களைப் போன்ற இடங்கள்தான். வீட்டுக்கு வரச்சொன்னால் பலகாரம் செய்ய வேண்டும், சரிவராவிட்டால் அயலட்டை கேட்கும். இங்கே என்றால், சரிவராவிட்டாலும் ஒரு ஜூஸ் குடித்ததாகிவிடும். நாங்கள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவோம். புதுச் சேலை, புதுச் சேர்ட், யாருமே குடித்து முடிக்காத ஜூஸ்.

அதில் எனக்கிருந்த தலைக்கனம்தான் அன்றைக்குக் காலை வாரியது. லண்டனில் இருந்து வந்த மாப்பிள்ளை, அவருடைய தாய், பெரியப்பா, மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். தரகர் அனுப்பிய, முகம் தெளிவில்லாத ஒரு படம் மட்டும்தான் தங்களிடம் இருக்கிறது, பெண் வீட்டார் வந்துவிட்டார்களா என்று தாய் மெதுவாகக் கேட்டா. மூலை மேசையில் பச்சைச் சேலை உடுத்த ஒரு பெண், அவளோடு தாயும் தகப்பனும் இருந்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. நேரே அங்கே கூட்டிப்போய், கதிரை இழுத்துப் போட்டு, இருத்திவிட்டு வந்தேன்.

அந்தப் பெண் அன்று காலை பட்டம் வாங்கியிருந்தாள். அதைக் கொண்டாட வந்த குடும்பம் அது. அவளுடைய தகப்பன் அடக்கமான யாழ்ப்பாணத்து மனிதர். திடீரென்று மூன்று பேர் வந்து சிரித்துக்கொண்டு உட்கார்ந்தால், இவர்களை நமக்கு எங்கோ தெரியும், மறந்துவிட்டோம், அதை வெளியில் காட்டினால் மரியாதைக் குறைவு என்று நினைத்திருக்கிறார். எந்த ஊர் என்று விசாரித்தார்கள். கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசினார்கள். மாப்பிள்ளை அந்தப் பெண்ணிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் இப்படியே போனது. பிறகு பெரியப்பா தொண்டையைச் செருமி, அப்ப சாதகப் பொருத்தத்தைப் பற்றி என்று தொடங்கியபோதுதான் தகப்பனின் முகம் மாறியது.

உண்மையான பெண் வீட்டார் தூணுக்கு அந்தப் பக்கம், அடுத்த மேசையில் இருந்தார்கள். அவர்களிடம் இருந்த படத்தில் மாப்பிள்ளைக்குத் தாடி, நேரில் தாடி இல்லை. பெண்ணுக்கு மட்டும், அந்த மேசையில் லண்டன் என்று பேசியது காதில் விழுந்து ஒரு சந்தேகம் வந்ததாம். ஆனால் தகப்பனை எழும்பவிடாமல் பிடித்து வைத்திருந்தாளாம். நான் செத்துப் போகலாமா என்று நின்றபோது, கை கழுவுகிற இடத்தில் அவளே வந்து எனக்கு ஆறுதல் சொன்னாள். மாப்பிள்ளை மற்றவர்களைப் பேசவிட்டுக் கேட்கிற மனிதர் என்பது, அவர் நேரே தன் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தால் தனக்குத் தெரிந்திருக்காது, இரண்டு பேரும் நடித்திருப்போம் என்றாள். இரண்டு மாதம் கழித்து எனக்கு அவர்கள் இருவரின் கலியாண அழைப்பிதழ் வந்தது. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு மூலை மேசைக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். பட்டம் வாங்கிய பெண்ணின் தாய் என் கையைப் பிடித்துத் தன் பக்கம் குனியவைத்து, காதுக்குள் சொன்னா:

"பரவாயில்லைப் பிள்ளை. அந்தப் பகுதி சரிவராட்டி எங்கட நம்பரைக் குடுத்துவிடுங்கோ."

வெள்ளிக்கிழமை வட்டிலப்பம்

சிவலிங்கம் ஐயா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லுவார். போவார்தான், அதில் பொய் இல்லை. நெற்றியில் திருநீறோடு நேரே எங்களிடம் வந்து ஒரு துண்டு வட்டிலப்பம் சாப்பிடுவார். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கலந்த அந்த இனிப்பை நாங்கள் பெரிய தட்டில் அவித்து, சதுரமாக வெட்டிக் கொடுப்போம். அவருக்கு மூலைத் துண்டுதான் வேண்டும், கஜுப் பருப்பு அதில் கூட இருக்குமாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய மனைவி தனியாக வந்து, என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டா. ஐயாவுக்கு ஏழு வருஷமாக நீரிழிவு. போன வருஷம் காலில் பட்ட ஒரு சின்னக் காயம் ஆற நாலு மாதம் எடுத்ததாம். விரலை எடுக்க வேண்டி வருமோ என்று டொக்டர் சொன்ன அன்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அழுதார்களாம். இனிமேல் அவருக்குக் கொடுக்கவே மாட்டேன் என்றேன். அந்த அம்மா உடனே வேண்டாம் என்று கையைக் காட்டினா. இங்கே நிறுத்தினால் வேறு கடைக்குப் போவார், அங்கே தனக்கு யாரையும் தெரியாது. கொடுங்கோ, ஆனால் ஒவ்வொரு கிழமையும் ஒரு நூல் அளவு குறைத்து வெட்டுங்கோ என்றா.

அன்றிலிருந்து சமிந்த ஒரு தையற்காரர் மாதிரி அளந்து வெட்டினார். ஒரு மாதத்தில் துண்டு அரைவாசியானது. இரண்டாம் மாதத்தில் நெருப்புப்பெட்டி அளவுக்கு வந்தது. தட்டு பெரிதாகத் தெரியக்கூடாது என்று நான் சின்னத் தட்டுக்கு மாறினேன், பிறகு கோப்பைச் சாசருக்கு மாறினேன். ஐயா வந்தார், சாப்பிட்டார், விலைவாசியைப் பற்றிக் கொஞ்சம் பேசினார், போனார். அவரை ஏமாற்றுகிறோமே என்று நான்தான் தட்டை வைத்தவுடனே பக்கத்து மேசையைத் துடைக்கப் போய்விடுவேன். ஒருநாள் சாசரைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, துண்டைக் குனிந்து தேடிவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ளை, நான் ஒண்டும் குறை சொல்லேல்லை. ஆனா எங்கட வீட்டில சொல்லிவிடுங்கோ, இதுக்கு மேல வெட்டினா கரண்டியில நிக்காது எண்டு."

நாலு பேருக்கான கிண்ணம்

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மூன்றரை மணிக்கு ஒரு தாயும் எட்டு வயது மகளும் வருவார்கள். பிள்ளையின் பெயர் ஆரணி. கீழே என்னிடம் ஏதாவது சாப்பிடுவாள். நாலு மணிக்குத் தகப்பன் மேல்மாடிக் கோப்பிக் கடையில் வந்து இருப்பார். தாய் கீழே இருந்தபடி எனக்குத் தலையசைப்பா, நான் பிள்ளையை லிஃப்டில் மேலே கூட்டிக்கொண்டுபோய் விடுவேன். தாயும் தகப்பனும் பிரிந்து ஒன்றரை வருஷம். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள், என்னிடம் அன்பாகத்தான் பேசுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் ஆரணி மெனுவில் இருந்த மிகப் பெரிய ஐஸ்கிறீம் கிண்ணத்தைக் காட்டினாள். பாதி சொக்லட், பாதி வனிலா, உச்சியில் செரிப்பழம். நாலு பேருக்கானது. தாய் மறுத்துப் பார்த்தா. பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தால் கேட்டதை வாங்கித் தருவதாகச் சொன்னீங்கள்தானே என்றாள் பிள்ளை. கிண்ணம் வந்தது. நாலு மணியானது. கிண்ணத்தில் கால்வாசிகூடக் குறையவில்லை. மேலே கொண்டுபோகவும் முடியாது, எங்கள் சட்டம்தான் தெரியுமே. நான் போய்த் தகப்பனிடம் கொஞ்சம் பிந்தும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிள்ளை கரண்டியின் நுனியால் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கெதியாகச் சாப்பிடுங்கோ, அப்பா காத்திருக்கிறார் என்று சொன்னேன். தன்னால் தனியாக முடிக்க முடியாது, நாலு பேருக்கு என்றுதானே எழுதியிருக்கிறது என்று அவள் மெனுவைத் திருப்பிக் காட்டினாள்.

தாய் வேறு பக்கம் பார்த்தா. வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் மறுபடி மேலே போனேன். என் வேலைக்கு இது சம்பந்தமில்லாத விஷயம், தகப்பன் கோபித்தால் நிஸாம் சேரிடம் நான்தான் பதில் சொல்ல வேண்டும், அது தெரிந்துதான் போனேன். சேர், ஐஸ்கிறீம் உருகுகிறது, பிள்ளை உங்களைக் கூப்பிடுகிறாள் என்றேன். அவர் கோப்பியை அப்படியே விட்டுவிட்டு எழும்பினார்.

சமிந்த கேட்காமலே இன்னும் இரண்டு கரண்டி கொண்டுவந்து வைத்திருந்தார். முதலில் இருவரும் கரண்டியை எடுத்தார்கள். பிறகு பிள்ளையின் பள்ளிச் சப்பாத்து காலைக் கடிக்கிறதாம் என்று தாய் மேசையைப் பார்த்துச் சொன்னா. எத்தனையாம் அளவு என்று தகப்பன் கிண்ணத்தைப் பார்த்துக் கேட்டார். இருபது நிமிஷம் சப்பாத்தைப் பற்றியே பேசினார்கள். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. தாய் வழமைபோலத் தனியாகப் போனா. தகப்பன் மேலே விட்டுவந்த தன் பையை எடுக்க வேண்டும் என்று ஆரணியையும் கூட்டிக்கொண்டு போனார், பிள்ளை என் கையை விடாததால் நானும் போனேன். லிஃப்டில் அவர் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளை என் கையை இழுத்து மெதுவாகச் சொன்னாள்:

"ரெண்டு பேருக்கும் சொக்லட்தான் விருப்பம், அன்ரி. சண்டை வந்திடும் எண்டு நான் வனிலாப் பக்கம் சாப்பிட்டன்."

வாடிக்கையாளராக வந்த என் கணவர்

என் கணவர் அருளப்பு துறைமுகத்தில் பண்டகசாலைக் கிளார்க். நான் இந்த வேலைக்குப் போவதில் அவருக்கு வெட்கம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஒருமுறை எங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடப் படிவத்தில், தாயின் தொழில் என்ற இடத்தில் 'நிர்வாகம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். படிவத்தை மடித்து அதே இடத்தில் வைத்தேன். அந்தச் சொல் கொஞ்ச நாள் என் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாலு ஆண்கள் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு இடமாற்றமாம், கூட வேலை பார்ப்பவர்கள் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்கக் கூட்டி வந்திருக்கிறார்கள். நாலாவதாக வந்தவர் என் கணவர். இடத்தைத் தெரிவு செய்தது அவர் இல்லை என்பது முகத்தைப் பார்த்தவுடனே விளங்கியது. நான் ஏப்ரனோடு, கையில் நாலு மெனுவோடு நின்றேன். எனக்கு இரண்டு வழி இருந்தது. உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாம், அல்லது போய் ஓடர் எடுக்கலாம். வாழ்க்கையில் முதல்தடவையாக அவரைப் பார்த்து "வணக்கம் சேர், என்ன எடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

மற்ற மூன்று பேரும் சொன்னார்கள். எழுதினேன். இவருடைய முறை வந்தது. மெனுவைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். "தண்ணி... ஒரு தண்ணி போதும், மிஸ்" என்றார். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் என்னை அவர் மிஸ் என்று கூப்பிட்டதே இல்லை. மற்றவர்களின் ஐஸ்கிறீமோடு தண்ணீரையும் கொண்டுபோய் வைத்தேன். "தேங்க் யூ" என்றார். அதுவும் முதல்தடவைதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணுக்குள் ஏதோ செய்தது. திரும்பி நடந்தேன். பின்னால் கதிரை இழுபட்ட சத்தம் கேட்டது.

அவர் எழும்பி நின்றுகொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. "டேய், இவ என்ட வைஃப். பிலோமினா. இங்கதான் வேலை செய்றா" என்றார். மூன்று பேரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். யாராவது ஏதாவது சொன்னால் அவர் இன்னொரு தடவை எழும்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். இடமாற்றம் கிடைத்தவர்தான் முதலில் வாயைத் திறந்தார். அப்போ வீட்டிலும் இப்படித்தான் அன்பாக வந்து ஓடர் எடுப்பாவா என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார், கதிரையில் உட்கார்ந்தார், தண்ணீர்க் கிளாஸை எடுத்தார்.

"வீட்டில ஓடர் குடுக்கிறது அவ, எடுக்கிறது நான்."

இத்தனை பேருடைய இனிப்பான ஆசைகளுக்கு நடுவில் நாள் முழுக்க நின்றுவிட்டு வீட்டுக்குப் போனதும் எனக்கு வேண்டியிருப்பது ஒரு துண்டு பேக்கரிப் பாணும், உறைப்பில் கண்ணில் நீர் வரவைக்கிற கட்டைச் சம்பலும், "வேற என்ன இருக்கு?" என்று கேட்காத ஒரு கதிரையும் மட்டும்தான்.